எல்லாப் பொத்தானிலும் ‘சாப்டாச்சா?’

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்சூரன்ஸ்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இன்றைக்குத்தான் திறக்கப்படுகிறது. வீட்டில் பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோகிலா அவள் தம்பி நிச்சயதார்த்தத்துக்காகக் கீழமருதம் போயிருக்கிறாள், வந்துவிடுவாள். ரெஹானாதான், “சென்னிண்ணா, நீங்க கம்ப்யூட்டர்கிட்ட சத்தமாப் பேசறீங்க, எனக்கு ஒரு வேலை ஓட மாட்டேங்குது. எதுலயாவது எழுதித் தொலைங்க” என்றாள். அவள் எங்கள் மென்பொருள் கம்பெனியின் பரிசோதகர். நான் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். சம்பளம் வாங்காமல் அதையே செய்கிறவர்களும் உண்டு.

புது வேலை வந்திருக்கிறது. கீழமருதம் நகராட்சியின் இணையதளத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்ற வேண்டும். முதலாளி நாச்சிமுத்து சார் இதை ரெஹானாவிடம்தான் கொடுப்பதாக இருந்தார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாமனார் ஊர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தொழில் ஆர்வம் மட்டுமே.

ஆகஸ்ட் 6, புதன்

இந்த வேலையைப் பற்றி உலகத்துக்கு ஒன்றும் தெரியாது. தமிழாக்கம் என்றால் பேராசிரியர் ஒருவர் உட்கார்ந்து எழுதுவார், முடிந்தது என்று நினைக்கிறார்கள். அவர் எழுதுவதற்கு முதலில் வார்த்தைகள் வேண்டுமே. அந்த வார்த்தைகள் இணையப் பக்கங்களின் வயிற்றுக்குள் கணினி நிரலோடு நிரலாகப் பின்னிக் கிடக்கின்றன. மக்கள் கண்ணில் படுகிற ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கி ஒரே கோப்பில் சேர்த்து, பிடுங்கிய இடத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட்டு வர வேண்டும். பிறகு கோப்பில் தமிழை எழுதினால் பக்கத்தில் தமிழ் வரும். மீனில் முள் எடுப்பது மாதிரிதான். முள்ளோடு சதை வந்தாலும் திட்டு, முள் தங்கிப்போனாலும் திட்டு.

பிடுங்குவதற்கு நான் எழுதிய நிரல் இன்று பக்கத்தின் நிறப் பெயர்களையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டது. நீலத்தைத் தமிழில் எழுதியிருந்தால் கணினிக்குப் புரியாமல் நகராட்சித் தளம் முழுக்கக் கறுத்துப் போயிருக்கும். இன்னொரு பக்கத்துக்குள், பல வருடத்துக்கு முன் எவனோ எழுதிவைத்த மறைவுக் குறிப்பு: “இதைத் தொடாதே. காரணம் மாணிக்கத்துக்குத் தெரியும்.” மாணிக்கம் யார் என்று விசாரித்தேன். கனடாவில் இருக்கிறானாம். தொடவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை பப்ஸ். மதியம் பப்ஸ். கீழே பேக்கரி இருப்பது எவ்வளவு வசதி.

ஆகஸ்ட் 13, புதன்

பிடுங்கி முடித்தேன். அடுத்தது சோதனை.

சோதனைக்கு ஒரு வழக்கம் உண்டு. தமிழ் வருவதற்கு முன்னால், கோப்பிலுள்ள எல்லா வரிக்கும் ஒரே போலி வார்த்தையைப் போட்டுத் தளத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கெல்லாம் போலி வார்த்தை தெரிகிறதோ அங்கெல்லாம் என் பிடி சரி. எங்கே ஆங்கிலம் இளிக்கிறதோ அந்தச் சொல் என் கையிலிருந்து தப்பிவிட்டது என்று அர்த்தம். ஊர் உலகத்தில் இதற்கு நாலு பெருக்கல் குறி போடுவார்கள். நான் ‘சாப்டாச்சா?’ என்று போட்டேன்.

“ஏன்ண்ணா இது?” என்றாள் ரெஹானா.

“சும்மா. கைக்கு வந்தது.”

உண்மையிலேயே கைக்கு வந்ததுதான். கோகிலா தினமும் மதியம் இப்படித்தான் எனக்குச் செய்தி அனுப்புவாள். வேலை நேரத்தில் பதில் அனுப்ப முடியாது என்பதால் என் போனில் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். மதியம் அவளிடமிருந்து எது வந்தாலும் அது உடனே ‘ஆச்சு. நீ?’ என்று அனுப்பிவிடும். மூன்று வருடத்தில் ஒரு நாள் பிசகியதில்லை. இப்படி நேரம் தவறாமல் பதில் போடுகிற புருஷன் கோயம்புத்தூரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இப்போது அவளிடமிருந்து செய்தி வருவதில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து, ஊரில் கும்பாபிஷேகமாம். அந்த வேலை.

ஆகஸ்ட் 21, வியாழன்

தமிழாக்கம் செய்கிற பேராசிரியர் குமரகுருபரன் இன்னும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. ‘குழாய்’ என்ற சொல்லின் கீழ் அடிக்குறிப்பு எழுதியிருக்கிறார். இணையதளத்தில் அடிக்குறிப்பு வைக்க இடமில்லை என்றதற்கு, “அப்படியென்றால் அது என்ன தளம்?” என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

கோகிலாவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. அந்தப் பக்கம் சிக்னல் இருக்காது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். பின்னால் விசாரணை வந்தால் உதவும்.

இன்று வளர்பிறை முகூர்த்தம் என்பதால் நகர்மன்றத் தலைவி இன்றைக்கே தளத்தைத் திறந்து வைக்க நாள் குறித்துவிட்டார். பேராசிரியர் தமிழ் வரவில்லை. நாச்சிமுத்து சார் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கீழமருதத்திலிருந்தபடியே தன் போனில் வெளியீட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டார். கோப்புக்குப் பெயர் ‘தமிழ்’ என்றிருந்ததாம். தளம் அந்தப் பெயரைத்தான் தேடும் என்பதால் நான் சோதனைக் கோப்புக்கு அந்தப் பெயரை வைத்திருந்தேன். உள்ளே இருந்தது ஆயிரத்துச் சொச்சம் ‘சாப்டாச்சா?’.

நேரலையில் பார்த்தோம். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பெரிய திரையில் தளம் விரிந்தது. தலைப்பில் சாப்டாச்சா. குடிநீர் பக்கத்தில் சாப்டாச்சா. சொத்து வரியில் சாப்டாச்சா. பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் இரண்டிலும் சாப்டாச்சா. ரெஹானா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என் வேலை போன பிறகு யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். சொல்வதற்கு ஆள் நினைவுக்கு வரவில்லை.

தலைவி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மைக்கில், “ஆச்சுங்க. இட்லி” என்றார்.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். கமிஷனர் எழுந்து, இதுவரை எந்த அரசு அலுவலகமாவது மக்களைப் பார்த்து முதல் கேள்வியாக இதைக் கேட்டிருக்கிறதா என்று உருகிப் பேசினார். நாச்சிமுத்து சாருக்குப் பொன்னாடை.

சாயங்காலம் சார் வந்தார், பொன்னாடையைக் கழற்றாமலே. “ஏப்பா சென்னி, எப்படிப்பா உனக்கு இது தோணுச்சு?”

“சார், அது சோதனைக் கோப்புங்க.”

“வெளிய சொல்லிராத” என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

தளத்தைப் பராமரிப்பதும் நாங்களே என்பதால் வருகிற புகார்களெல்லாம் எனக்குத் தெரியும். புகார் விவரம் எழுதுகிற பெட்டிக்கு மேலேயும் ‘சாப்டாச்சா?’ என்றுதான் இருக்கிறது. மக்கள் பதில் எழுதுகிறார்கள்.

“ஆச்சுங்க, தக்காளி சாதம்.”

“ஆச்சு. நீங்க?”

“எங்கூட்டுக்காரர் இன்னும் வரலைங்க, வந்தாத்தான்.”

“யாருங்க கேக்கறது? கேட்டதே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்குதுங்க.”

ஒவ்வொன்றும் புகாராகப் பதிவாகிறது. விதிப்படி நகராட்சி ஊழியர்கள் ஒவ்வொன்றையும் பரிசீலிக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டவர் புகார் ‘தீர்க்கப்பட்டது’. சாப்பிடாதவர் புகார் மதிய உணவுப் பிரிவுக்கு அனுப்பப்படுகிறது. இப்படி ஒரே வாரத்துக்குள் கீழமருதத்தில் தீர்வு விகிதம் எந்த ஊரிலும் காணாத உயரத்துக்குப் போய்விட்டது. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு பற்றி ஒரு புகார் இல்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரிந்தால்தானே புகார் செய்ய?

செப்டம்பர் 4, வியாழன்

பேராசிரியர் முழுத் தமிழையும் அனுப்பிவிட்டார். குறை சொல்ல முடியாது, பளிங்கு மாதிரி இருக்கிறது. கமிஷனரோ, “இப்ப இருக்கறதே நல்லா இருக்குது, மாத்தாதீங்க” என்று சொல்லிவிட்டார். பேராசிரியர் எனக்கு போன் போட்டு, “என்னை விடச் சிறந்த மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிட்டாராமே, யார்?” என்றார். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

எனக்கும் வருத்தம்தான். ஒரு சொல் தப்பாமல் பிடுங்கியிருக்கிறேன். மாணிக்கத்தின் பக்கத்திலும்கூட, அவன் குறித்த இடத்தைத் தொடாமலே. ஒருத்தர் அதைக் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மூன்றாம் வீதியிலிருந்து ஒரு புகார்.

“சாப்பிடல. குழாயில தண்ணி வந்து ஒரு மாசமாச்சு. எதை வெச்சு ஆக்கறது? கண் ஆபரேசன் பண்ணுன அம்மா அடுத்த வீதியிலிருந்து குடம் தூக்குது. தூக்காதேன்னாலும் கேக்கறதில்ல. அந்தக் கண்ணு போயிருச்சுன்னா நகராட்சி குடுக்குமா?”

ஊழியர் முடிவு: சாப்பிடவில்லை, எனவே மதிய உணவுப் பிரிவு.

இணைப்பு ரங்கசாமி என்ற பெயரில் இருக்கிறது. என் மாமனார் பெயரும் ரங்கசாமி, அவர் வீடும் மூன்றாம் வீதிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் கல்லை எறிந்தால் ஒரு ரங்கசாமி மேல்தான் விழும். மாமியாருக்கும் போன மாதம் கண் ஆபரேஷன் நடந்தது, கோகிலா அங்கே தங்கியிருப்பதே இப்போது அதற்காகத்தான். வயதானவர்கள் ஊரில் கண் ஆபரேஷன் ஒன்றும் அதிசயம் இல்லை.

நகராட்சிக்கு போன் செய்து பொறியாளரைக் கேட்டேன். “புகார் எங்க பிரிவுக்கு வரலைங்களே. வந்தாப் பாக்கறோம்” என்றார். மதிய உணவுப் பிரிவில் கேட்டேன். நாளைக்கு ஒரு ஆளை முட்டையோடு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் வீதியின் பதில்: “முட்டை வந்துச்சு. வேக வெக்கத் தண்ணி?”

செப்டம்பர் 10, புதன்

நாச்சிமுத்து சாரிடம் சொன்னேன். “சார், தண்ணி இல்லாத வீடு இருக்குதுங்க. சரியான தமிழை ஏத்திட்டா புகார் சரியான எடத்துக்குப் போயிரும்.”

“ஏத்தினா, இத்தனை நாளா இருந்தது தப்புன்னு ஆயிருமே. அடுத்த வாரம் கலெக்டர் ஆபீஸ்ல பாராட்டு விழா வெச்சிருக்காங்க. தொட்டீன்னா உன் சீட்டு கிழிஞ்சிரும், சொல்லிட்டேன்.”

இன்று மதியம் மூன்றாம் வீதியிலிருந்து ஒரே ஒரு வரி. “இதைக் கேக்கறது மனுசனா, மிஷினா?”

செப்டம்பர் 11, வியாழன்

நேற்றிலிருந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்ததை ரெஹானா பார்த்துவிட்டாள். அவளிடம் தப்ப முடியாது, அவள் தொழில் அது. “கோகிலாக்கா எப்பண்ணா வர்றாங்க?” என்று ஆரம்பித்து, பிடுங்கிவிட்டாள். நானே அவ்வளவு சுத்தமாகப் பிடுங்கியதில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஜூலையில் ஒரு மதியம் கோகிலா கீழமருதத்திலிருந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். ‘அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில இருக்கோம், உடனே வாங்க.’ நிரல் பதில் போட்டது: ‘ஆச்சு. நீ?’ அவள், ‘என்னங்க சொல்றீங்க, எனக்குப் பயமா இருக்கு’ என்றாள். நிரல்: ‘ஆச்சு. நீ?’ அவள் அடுத்தடுத்து அனுப்பினாள், நிரலும் சளைக்கவில்லை. நான் சாயங்காலம்தான் பார்த்தேன். கடைசியில் அது வெறும் வாயுப் பிடிப்பு. மாமனார் அன்றைக்கே எழுந்து காப்பி கேட்டிருக்கிறார். யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை. நிரல் தனக்குச் சொன்னதைத்தான் செய்தது.

ரெஹானா தன் திரையை அணைத்தாள். பிறகு, “மூணு வருஷமாவாண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமா.”

“அந்த நிரல் இன்னும் போன்ல இருக்கா?”

“இருக்கு. வேலைதான் இல்ல.”

“அக்காவுக்கு போன் பண்ணுங்களேன்.”

“எடுக்க மாட்டேங்கறா.” அதன் பிறகு, “சிக்னல் இல்ல” என்றேன்.

“அப்ப அந்தப் புகாருக்காவது பதில் போடுங்க.”

“அது எந்த ரங்கசாமி வீடோ” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

தளத்தில் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்ல வழி இல்லை. அப்படி யாரும் கட்டவில்லை. மாற்ற முடிந்தது அந்தக் கோப்பு ஒன்றைத்தான். அதில் ஒரு வரியை மட்டும் மாற்றலாம், ஆனால் அந்த வீட்டில் எந்தப் பக்கத்தைத் திறப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே எல்லா வரியையும் மாற்றினேன்.

மதியத்திலிருந்து கீழமருதம் நகராட்சியின் எல்லாப் பொத்தானிலும் எல்லாத் தலைப்பிலும் ‘மனுசன்தான்’ என்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பொருத்தமாகவே இருக்கிறது.

கமிஷனர் நாச்சிமுத்து சாரைக் கூப்பிட்டு, “இது என்னங்க, ரெண்டாம் கட்டமா?” என்றாராம். சார் ஒரு நொடி கூடத் தயங்காமல், “ஆமாங்க, ரெண்டாம் கட்டம்” என்றாராம். பிறகு என் மேசைக்கு வந்து, “ரெண்டாம் கட்டம்னா என்னப்பா?” என்று கேட்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

மூன்றாம் வீதி: “மனுசன்னாப் பசிக்குமே. நீங்க சாப்டாச்சா?”

காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ‘ஆச்சு’ என்று போடுவது சுலபம். விரல் அதற்குப் பழகியிருக்கிறது. பழகியது விரல்கூட இல்லை, நிரல்.

சாயங்காலம் போட்டேன்: ‘இல்லை. ரெண்டு மாசமாப் பப்ஸ்தான்.’

எல்லாப் பொத்தானிலும்.

செப்டம்பர் 17, புதன்

நான் மூன்றாம் வீதிக்குத்தான் பதில் சொன்னேன். படித்தது ஊர் முழுக்க.

நகராட்சி இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை என்று கீழமருதத்து மக்கள் புரிந்துகொண்டுவிட்டார்கள். நேற்று சாயங்காலமே நாலு பேர் தூக்குப் போசியில் சோற்றோடு வந்திருக்கிறார்கள். இன்று காலை வாசல் தாண்டி பஸ் ஸ்டாண்ட் வரை வரிசை. நாச்சிமுத்து சார் என்னைக் காரில் தள்ளிக்கொண்டு போனார். வழி முழுக்கத் திட்டினார். நடுவில் ஒரு இடத்தில் மட்டும், “நெசமாலுமே ரெண்டு மாசமாவாப்பா?” என்று கேட்டுவிட்டு, மீண்டும் திட்டினார்.

அலுவலகத்துக்குள் கால் வைக்க இடமில்லை. சொத்து வரிப் பிரிவில் பிரியாணி. பொறியியல் பிரிவில் கம்மங்கூழ். பெரியவர் ஒருவர் சுகாதார அலுவலரின் வாயில் விடாப்பிடியாக ஊட்டிக்கொண்டிருந்தார், “பாவம், எப்படி எளச்சுட்டான் பாரு” என்று சொல்லிக்கொண்டே. சுகாதார அலுவலரின் சட்டைப் பொத்தான்கள் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தன. கமிஷனர் மேசையில் கோப்புகள் இருந்த இடத்தில் அப்பளம். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் அவரால் எழுந்து ஓடவும் முடியவில்லை, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது மூன்றாம் வீதிக்காரர்கள் வந்தார்கள். கையில் சோறு இல்லை. காலிப் பாத்திரங்கள். முன்னால் பச்சைச் சேலையில் ஒருத்தி, கையில் காலிக் குண்டா. பார்க்கக் கோகிலா மாதிரியே இருந்தாள்.

கோகிலாதான்.

“எங்க வீதிலயும் உங்களுக்குச் சோறு ஆக்கிக் கொண்டாரலாம்னுதானுங்க நெனச்சோம்” என்றாள் கமிஷனரிடம். “அரிசி இருக்குதுங்க. பருப்பு இருக்குதுங்க. தண்ணிதான் இல்லீங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. தெனமும் எழுதறோம், முட்டை வருது.”

கேமராக்கள் எல்லாம் குண்டாவுக்குள் எட்டிப் பார்த்தன. கமிஷனர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் நாச்சிமுத்து சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார்.

“யாருய்யா இதை மாத்தினது?” என்றார் கமிஷனர்.

தளத்துக்குள் யாரோ விஷமி புகுந்துவிட்டான் என்று சொல்லலாம். காரில் வரும்போது சார் எனக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். வேலை மிஞ்சும், பாராட்டு விழாவும் நடக்கும்.

“நான்தானுங்க” என்றேன்.

“எதுக்கு?”

“அவங்க சாப்டாச்சான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேனுங்க.”

கோகிலா என்னைப் பார்த்தாள். குண்டாவை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு வீதிக்காரர்களோடு போய்விட்டாள். பின்னாலேயே போகத்தான் நினைத்தேன், அதற்குள் யாரோ என் கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

பொறியாளர் மூன்றாம் வீதி முனையில் மண்ணைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். சாலை போடும்போது வால்வை மூடியிருக்கிறார்கள், திறக்கவில்லை. யாரும் சொல்லவில்லையாம். சொன்னதெல்லாம் முட்டையாகப் போயிருக்கிறது. ஒரே திருகு, தண்ணீர் வந்துவிட்டது.

செப்டம்பர் 19, வெள்ளி

பேராசிரியரின் தமிழை ஏற்றியாயிற்று. கமிஷனரே கேட்டுக்கொண்டார், கொஞ்சம் கெஞ்சினார் என்றும் சொல்லலாம். மூன்று நாளாக அவருக்கு வயிறு சரியில்லை. குழாய்க்குக் கீழே அடிக்குறிப்பு வைக்க ஒரு மூலையில் இடம் செய்து கொடுத்தேன். பேராசிரியர் போனில், “அந்த இன்னொரு மொழிபெயர்ப்பாளர்?” என்றார். விலகிவிட்டார் என்றேன். அவர் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

ரெஹானா ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்த்தாள். “ஒரு வார்த்தை கூட விட்டுப் போகலைண்ணா” என்றாள். எட்டு வருடத்தில் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். தூசி.

பாராட்டு விழா ரத்து. நாச்சிமுத்து சார் என்னை உள்ளே கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன். “ஒரு வாரம் ஆபீஸ் பக்கம் வராத. உன்னப் பாத்தா எனக்கு எரிச்சலா வருது” என்றார். கதவு வரை போனவனைக் கூப்பிட்டு, “கீழ பேக்கரிக்காரன்கிட்டச் சொல்லிட்டேன். உனக்கு இனிமே பப்ஸ் குடுக்க மாட்டான்” என்றார்.

செப்டம்பர் 20, சனி

லீவிலும் தளத்தைப் பார்த்தேன். சரியான தமிழ் வந்த முதல் நாளே புகார்கள் கொட்டுகின்றன. குப்பை, கொசு, நாய், விளக்கு, பக்கத்து வீட்டுக்காரன். தீர்வு விகிதம் தரையில் கிடக்கிறது. ஊர் நலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

‘மற்றவை’ என்ற பிரிவில் ஒன்று. மூன்றாம் வீதி, இணைப்பு ரங்கசாமி பெயரில். என் மாமனார் ரங்கசாமி.

“தண்ணி வந்துருச்சு. அம்மா குடம் தூக்கறதில்ல. நாளைக்கு ஆக்கறோம். பசிக்கிற மனுசன் நேர்ல வந்தாப் போடுவோம். மிஷினை அனுப்ப வேண்டாம்.”

இந்தப் புகாரைப் பரிசீலிக்க ஊழியர்களுக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். மாமனார் கதவைத் திறந்தார். “வாங்க மாப்பிள்ளை” என்றார். நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “வலி வந்து ரெண்டு மாசம் ஆச்சுங்க, இப்ப நல்லாருக்குது” என்றார். குத்துகிறாரா, உண்மையிலேயே சொல்கிறாரா என்று தெரியவில்லை. மாமியார் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாரா என்றும் தெரியவில்லை.

கோகிலா இலை போட்டாள். சோறு, பருப்பு, புடலங்காய்ப் பொரியல். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன சொல்வது என்று வழி முழுக்க எழுதி வைத்திருந்தேன், இலையைப் பார்த்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவள் ரசம் எடுத்து வர அடுப்படிக்குள் போனாள்.

என் போன் பக்கத்தில் தரையில் இருந்தது. அது ஒளிர்ந்தது. கோகிலாவிடமிருந்து செய்தி.

‘சாப்டாச்சா?’

நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் போனுமாக அடுப்படி நிலைப்படியில் நின்று, தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனை. எங்கள் தொழிலில் அதுதான் சரியான முறை, சோதிக்காமல் எதையும் நம்பக் கூடாது. அந்த நிரலை நான் பஸ்ஸிலேயே அழித்துவிட்டிருந்தேன், அது அவளுக்குத் தெரியாது. அவள் காத்திருந்தாள். பதில் எதுவும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அப்போதும் வரவில்லை.

அவள் தலையை உயர்த்தினாள்.

“இன்னும் இல்ல” என்றேன், வாயில் சோற்றோடு. “நீ சாப்டியா?”

“இல்ல” என்றாள்.

“உக்காரு. ரசத்த நான் எடுத்துட்டு வர்றேன்.”

உட்கார்ந்தாள். கொண்டு வந்தேன். வரும் வழியில் கொஞ்சம் சிந்திவிட்டது.